அவளை ருசி பார்க்கச் சொன்ன நாள்

என் மகனுக்கு, என் வாப்பாவுக்கு, உம்மாவின் சலாம். உன் வீட்டில் விளக்கு குறையாமல் எரியட்டும்.

முதலில் பிள்ளைகள் சங்கதி. என் மூத்தவள், உன் ராத்தாவின் மூத்த மகன் எட்டாம் வகுப்பில் முதலாவதாகத் தேறியிருக்கிறான். ராமநாதபுரத்தில் ஹைஸ்கூலில் சேர்க்க அவன் வாப்பா பேசிவிட்டு வந்துவிட்டார். அங்கே இவன் கையெழுத்தைப் பார்த்த வாத்தியார், "யாருகிட்டப்பா எழுதப் படிச்சே?" என்று கேட்டாராம். "எங்க உம்மம்மாகிட்ட" என்று சொன்னானாம். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்தவன் குர்ஆனை ஓதி முடித்துவிட்டான். தெரு முழுக்க நானகத்தான் சுட்டுக் கொடுத்தேன். மாவு பிசைந்த கை இன்னும் வலிக்கிறது. பேத்தி இருக்கிறாளே, ஒன்பது வயதுதான், இந்த வருஷம் ஒரு நோன்புகூட விடவில்லை. உன் தங்கை சின்னவளின் மகன் தவழாமலே எழுந்து நடக்கிறான். நாலு பல் வந்துவிட்டது. "உம்மா" என்று சொல்வதற்கு முன்னால் "அடை" என்றுதான் சொன்னான் என்று அவள் சத்தியம் செய்கிறாள்.

இவ்வளவையும் எழுதிய பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தேன். இந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் தொடங்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். உனக்குக் கல்யாணமாகி நீங்கள் மெட்ராஸுக்குக் குடிபோன நாளிலிருந்து நான் எழுதிய எல்லாக் கடிதமும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது; கை அப்படிப் பழகிவிட்டது. பகலில் நீ கடையில் இருப்பாய். தபால்காரரிடம் வாங்கிப் பிரித்து, நீ சாப்பிட உட்காரும்போது உனக்கு வாசித்துச் சொல்வது உன் மனைவிதான் என்று ஒரு தடவை பெருமையாக எழுதியிருந்தாய். அப்படியென்றால் என் பேரப்பிள்ளைகளின் பல் முளைத்த கதையையெல்லாம் நான் அவள் வாயாலேயே வாசிக்க வைத்திருக்கிறேன். நாலு வருஷமாக.

இந்தக் கடிதத்தை முதலில் நீ வாசி. பிறகு அவளிடம் கொடு. அவளுக்குச் சம்மதமானால் இது மற்ற மாமியார்கள் கண்ணிலும் படட்டும் என்று உன் ராத்தா சொல்கிறாள். அவள் சம்மதித்தால் மட்டும்தான். அதை மனதில் வைத்துத்தான் யார் பெயரும் எழுதவில்லை.

நீ கடைசியாக எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன். பெருநாளை வைத்துக்கொண்டு அவள் என்னை விட்டுவிட்டுத் தொண்டிக்குத் தாய்வீடு போனது தப்பு, நீ நன்றாகக் கண்டித்துவிட்டாய், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரும்போது என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே இன்னொரு வரி: "இவளுக்கு நம் வீட்டில் ஒட்டுதல் இல்லை, உம்மா." குடும்பங்கள் பிரிகிறபோது முதலில் வருகிற பேச்சு இதுதான். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள் இல்லை, வாப்பா. அந்த வரியை உன் பேனாவில் ஏற்றி வைத்தவள் நான். என்ன நடந்தது என்று சொல்கிறேன், கோபப்படாமல் வாசி. கோபப்பட்டாலும் கடைசிவரை வாசி.

இந்த வருஷம் நோன்பு மாசியில் தொடங்கி, பெருநாள் பங்குனியில் வந்தது. கச்சான் காற்று இன்னும் தொடங்காத நாள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கோழிகள் நன்றாக முட்டையிட்டன. தம் அடைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. அதை நீ தின்றிருக்கிறாயே தவிர, சுடுகிறபோது பக்கத்தில் நின்றவன் இல்லை. முட்டையும் சீனியும் நெய்யும் ரவையும் முந்திரிப்பருப்பும் சேர்த்து அடித்த மாவைச் செப்பு வட்டாவில் ஊற்றி, கீழே தணல், மூடிமேலும் தணல் போட வேண்டும். மூடிவிட்டால் வெந்து முடிகிறவரை திறக்கக் கூடாது, திறந்தால் நடுவில் அமுங்கிப்போகும். சீனியா உப்பா, எது கூட எது குறைய என்று பார்ப்பதெல்லாம் ஊற்றுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். நோன்பு வாயோடு எப்படிப் பார்ப்பது? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று ஆலிம்சா சொல்லத்தான் செய்கிறார். ஆனால் நான் நோன்பு வாயில் விரல் வைத்ததே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள்.

முன்பெல்லாம் நீதான் எனக்கு நாக்கு. நினைவிருக்கிறதா? சட்டையில்லாமல் வந்து நிற்பாய். விரலில் வழித்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சப்பிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சீனி வேணும்" என்பாய். ஒவ்வொரு தடவையும் அதே பதில். "ஏலே, மாவுக்குக் கேக்குறியா, உன் வாய்க்குக் கேக்குறியா?" என்றால், "ரெண்டுக்கும்தாம்மா" என்பாய். உனக்குப் பிறகு ராத்தாவின் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அந்த வேலையைப் பார்த்தார்கள். இந்த வருஷம் கடைசிப் பேத்தியும் நோன்பு பிடித்துவிட்டாள். வீட்டில் நாக்கு இல்லாமல் போயிற்று. அதோடு சீனியும் ரெண்டு தினுசாக வந்திருந்தது. ஒன்று வெள்ளை, மற்றது பழுப்பு, ஈரம் கோத்தது. கைக்கு அளவு பிடிபடவில்லை.

ஆண்பிள்ளைக்குத் தெரிந்திராத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு கிடையாது. அந்த நாளில் எந்தப் பெண்ணும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், இன்னொருத்தியும் கேட்க மாட்டாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்துகொள்வாள். பகலில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ரெண்டு வாய் தண்ணீர் குடிப்பாள். நோன்பு திறக்கும்போது எல்லோரோடும் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தைக் கையில் எடுப்பாள். பார்த்துவிட்டாலும் பார்க்காத முகத்தோடு போவதுதான் ஒரு வீட்டுப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி செய்கிற மரியாதை. நான் மருமகளாக வந்த புதிதில் உன் வாப்பா கொழும்பில் இருந்தார், எப்போதாவதுதான் வருவார். உன் ராத்தா பிறக்க வருஷக்கணக்காயிற்று. உன் வாப்பாவைப் பெற்ற என் மாமிக்குப் பொல்லாத வாய். மீன்காரி முதல் மோதினார் வரை யாரும் தப்பியதில்லை. ஆனால் நோன்பு மாதத்தில் எனக்கு அந்த நாள் வந்துவிட்டால், நெல் குதிருக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் துவையலும் மூடி வைத்திருக்கும். யார் வைத்தது என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அந்தச் செப்பு வட்டாவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். முட்டைக்கு இத்தனை சீனி என்கிற பக்குவத்தையும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

உன் மனைவி நோன்புக்கு முன்னாலேயே வந்துவிட்டாள் அல்லவா? நீ பெருநாள் பிறைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாய். நோன்பு பாதி கடந்தபோது, தனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அவள் உன் ராத்தாவிடம் மட்டும் சொன்னாள். நிச்சயமாகத் தெரிந்த பிறகு உன்னிடம் சொல்லலாம் என்றிருந்தாள். ராத்தா என் காதில் போட்டுவிட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. ஸஹருக்கு அவள் தட்டில் கூட ஒரு முட்டை வைத்தேன். தொட்டில் கட்ட எந்தச் சேலை என்று பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தேன். அவள் அதையெல்லாம் கவனித்திருப்பாள். இப்போது நினைத்தால் அதுவே அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்!

அடை சுடுகிற அன்று விடிகாலையில் கிணற்றடிப் பக்கம் போனேன். அவள் குனிந்து கறைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். திரும்பி வந்துவிட்டேன். அன்று காலை அவளுக்கு என்ன போயிற்று என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு என்ன போயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் தெருப் பெண்கள் முட்டை அடிக்க வந்து உட்கார்ந்தார்கள். உன் ராத்தாவும் இருந்தாள், என் தங்கை, உன் சாச்சியும் இருந்தாள். உன் மனைவி கதவோரம் முந்திரிப்பருப்பு உடைத்துக்கொண்டிருந்தாள். சாச்சி சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"என்ன ராத்தா, சீனி பழுப்பாக் கெடக்கு. பத்துமா?"

"யாரு பாத்துச் சொல்றது? எல்லாருக்கும் நோன்பு."

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏன், நம்ம மெட்ராஸ்காரி அங்கன இருக்காளே. அவளுக்குத்தான் இன்னைக்கு நோன்பு இல்லியே. வாம்மா, வந்து நாக்குல வச்சுப் பாரு. புள்ள உண்டானவ வாய்க்குத்தான் ருசி மாறிப்போகும். உன் வாய்க்கு என்ன, நல்லாத்தான இருக்கு."

"அதான," என்று சிரித்தாள் சாச்சி. "நாலு வருசமா நல்ல வாயி."

ரெண்டொருத்தி சிரித்தார்கள். "உம்மா!" என்றாள் ராத்தா. அவ்வளவுதான் அவளாலும் சொல்ல முடிந்தது. உன் மனைவி எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, சுண்டுவிரலால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"சீனி போதும் மாமி. உப்புத்தான் இன்னும் ஒரு சிட்டிகை போடணும்."

சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் முந்திரிப்பருப்பின் முன்னால் உட்கார்ந்தாள். மிச்சத்தையும் உடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நான் உப்புப் போட்டேன். என் ஆயுசில் அப்படி ஒரு அடை வந்ததில்லை.

சீனிக்காகத்தான் கூப்பிட்டேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். சீனிக்காக இல்லை. காலையில் கிணற்றடியில் எனக்கு வந்த ஏமாற்றத்தை மதியம் அவள் தலையில் கொட்டினேன். அது தெரியாமல் செய்ததில்லை.

மறுநாள் காலையில் பையோடு வந்து நின்றாள். "உம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு தகவல் வந்துச்சு மாமி. போயிட்டு வாரேன்." எந்தத் தகவலும் வரவில்லை. தொண்டியிலிருந்து ஒரு ஆளும் எட்டிப் பார்க்கவில்லை. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "சரிம்மா" என்றேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ. ராத்தாவின் மாப்பிள்ளை, உன் மச்சான்தான் கூடப் போய் விட்டுவிட்டு வந்தார். ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ் நின்றபோது, கூட வந்த கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி இவளிடம் நீட்டினாளாம். "வேணாம், எனக்கு நோன்பு" என்றாளாம். "பங்குனி வெயில்ல அந்தப் புள்ள உதடெல்லாம் வெடிச்சுப்போச்சு மாமி, ஆனாலும் நோன்ப விடல" என்று மச்சான் என்னிடம் மெச்சிச் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நோன்பில்லாத உடம்போடு, மச்சான் பக்கத்தில் இருக்கிறார் என்று, தொண்டி வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் போயிருக்கிறாள். நான் ஊரறியப் போட்டு உடைத்ததை அவள் அந்தப் பஸ்ஸிலே ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறாள்.

பிறை தெரிந்த அன்று நீ உச்சிப்புளியில் ரயிலை விட்டு இறங்கி வந்தாய். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "அவ எங்கம்மா?" என்றாய்.

"தொண்டிக்குப் போயிருக்கா. அவ உம்மாவுக்கு முடியலயாம்."

"பெருநாளைக்கு ரெண்டு நாள வச்சுக்கிட்டா? உங்கள இப்பிடி விட்டுட்டு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும். நான் என்ன சொன்னேன்? "சின்னப் புள்ளதான, விடு வாப்பா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல." பெரிய மனசுக்காரி! அவள் செய்யாத குற்றத்தை மன்னித்துவிட்டு உனக்கு அடை வெட்டி வைத்தேன். "இந்த வருசம் மாதிரி என்னைக்கும் வந்ததில்லம்மா" என்று சொல்லிச் சொல்லித் தின்றாய். உப்புப் பதம் வாப்பா, என்றேன். அந்தப் பதம் யார் நாக்கில் வந்தது என்று சொல்லவில்லை. பெருநாள் தொழுகை முடிந்த கையோடு கோபமாகத் தொண்டிக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு, இங்கே வராமலே ரயிலேறிவிட்டாய்.

இன்னும் ஒரு வெட்கக்கேடு பாக்கி. உன் கடிதம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மகன் என் பக்கம் நிற்கிறான் என்று. ஒரு கல்யாணத்துக்கு அடை சுட்டுத் தரச் சொல்லி வந்த அதே பெண்களை உட்கார வைத்து, அதை உரக்க வாசித்துக் காட்டினேன். நீ கண்டித்த இடத்தை ரெண்டு தடவை வாசித்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். சிரித்தாளே சாச்சி, அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அவ அவன்கிட்ட சொல்லவே இல்லியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களுக்கெல்லாம் உடனே புரிந்துவிட்டது. உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு, உன் உம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள். அதுவும் உன் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, கேட்க ஒரு ஆளில்லாத இடத்தில். கடிதம் என் கையில் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு சாச்சி சொன்னாள்: "விடு ராத்தா. அவளே சொல்லல, நீயா போயி ஏன் கெடுத்துக்கிற? மகன் உன் பக்கம் நிக்கிறான், நிக்கட்டுமே." அவள் கெட்டவள் இல்லை. என்மேல் உள்ள பிரியத்தில் சொன்னாள். ஒரு நாள் முழுக்க நானும் அப்படித்தான் இருக்கப் பார்த்தேன். உன் ராத்தாதான் விடவில்லை. "நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா? நான் எழுதினா இதவிட மோசமா எழுதுவேன், பாத்துக்கங்க." அவளுக்கும் குற்ற உணர்வு. தன்னிடம் நம்பிச் சொன்னதை என் காதில் போட்டவள் அவள்தானே.

அந்தப் பெண்களை மறுபடி கூட்டி வைத்து, நான் பேசியது தப்பு என்று சொல்ல நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், அப்படிச் சொன்னால் மறுபடியும் அவள் உடம்பைப் பற்றித்தானே பேச வேண்டும்? அதனால் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் சாச்சி, "நாலு வருசமாச்சே, வேற எதும் யோசிக்கலியா?" என்று மெல்ல இழுத்தபோது, அந்தப் பேச்சு என் வாசலுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வேறு யோசனை என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். உன்னிடமும் யாராவது கடையில் வந்து சொல்வார்கள். உம்மாவுக்கும் அதுதான் ஆசை என்று சொன்னாலும் நம்பாதே.

இனி உனக்கு. இதை வாசித்த வேகத்தில் எழுந்து போய், "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அவளைக் கேட்காதே. அது இன்னொரு கண்டிப்பு. நீ திட்டியதற்கு முதலில் மன்னிப்புக் கேள். என் தப்பு பெரியதுதான், ஆனால் உன்னுடையதை அதற்குள் ஒளித்துவிடாதே. ஒரு வார்த்தை விசாரிக்காமல் கண்டித்தவன் நீ. என்னை நம்பித்தான் கண்டித்தாய், தெரியும். கட்டியவளையும் அந்த அளவுக்கு நம்பியிருக்கலாம். "அதான் உம்மா எழுதிட்டாங்களே, இனி என்ன?" என்றும் சொல்லாதே. நான் எழுதிவிட்டதால் அவளுக்கு ஆறிவிட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அன்று காலை கிணற்றடியில் அவள் தனியாக நின்றாள். அது உனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதற்காக அவள் அழ வேண்டும் என்றால் அழட்டும். பக்கத்தில் இரு. டாக்டரைப் பார்ப்பதென்றால் ரெண்டு பேரும் சேர்ந்து போங்கள், அவளை மட்டும் அனுப்பிவிட்டு நீ கடையில் உட்காராதே. போகவில்லை என்றாலும் சரிதான். இங்கிருந்து யாரும் இனி எதுவும் கேட்க மாட்டோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவளை வற்புறுத்திக் கூட்டி வராதே. அவள் வருகிறேன் என்று சொன்னால் வாருங்கள். வரவில்லை என்றால் பெருநாளை அங்கேயே கொண்டாடுங்கள். அவளைத் தனியே விட்டுவிட்டு நீ மட்டும் இங்கே வந்து நிற்காதே. அடை எங்கே போகிறது, பார்சலில் அனுப்புகிறேன்.

மருமகளே, என் அம்மா, நீயும் இதை வாசிப்பாய். உன்னிடம் என்ன சொல்வது என்று நான் இவ்வளவு எழுதியும் பிடிபடவில்லை. நான் சொன்ன அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. என்னை மன்னிக்கும்படி உன்னைக் கேட்கிறேன். மன்னிக்க மனம் வராவிட்டால் அதற்காக உன்மேல் எனக்கு ஒரு குறையும் வராது. பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்கலாமா, வாப்பா? இங்கே சுவரில் உன் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, நீ மெட்ராஸுக்கு வேலைக்குப் போனபோது எடுத்தது. காலர் பெரிதாக, திருதிருவென்று விழிக்கிறாய். உங்கள் கல்யாணத்தில் போட்டோக்காரரைப் பெண்கள் பக்கம் விடாமல் திருப்பி அனுப்பியது நான்தான். அதனால் அவள் முகம் இந்த வீட்டுச் சுவரில் எங்கேயும் இல்லை. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. இன்னொருத்தர் வந்து சேரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதே. நீங்கள் ரெண்டு பேர் போதும். அவளுக்குப் பிரியமான சேலையைக் கட்டிக்கொள்ளட்டும். நல்ல நாற்காலியாக ஒன்றைப் போட்டு அவளை உட்கார வை, நீ பக்கத்தில் நில். போட்டோ எடுக்க அவள் வரமாட்டேன் என்றால் விட்டுவிடு. ஆனால் உன்னை மட்டும் எடுத்து அனுப்பாதே.

உம்மா